திருக்கையும் பேத்தையும்: அடுப்புக்கு அடங்கும் நஞ்சும் அடங்காத நஞ்சும்



மலாக்கா மாநிலத்துத் தோட்டப்புறங்களில் வாழும் நமக்குக் கடல் தூரத்து உறவல்ல. மெர்லிமாவ், ஜாசின் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு செர்காமும் உம்பாயும் பக்கம். மஸ்ஜிட் தானா, சுங்கை பாரு வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு பெங்காலான் பாலாக், தஞ்சோங் பிடாரா கடற்கரைகள் பக்கம். ஓய்வு நாள் வந்தால் பிள்ளைகளைக் குளிக்கக் கூட்டிக்கொண்டு போகிறோம். தூண்டில் பிடிக்கும் ஆசை உள்ளவர்கள் ஆற்று முகத்துவாரத்தில் போய் உட்காருகிறார்கள். போகாதவர்களுக்கு மீன்காரர் வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார். இப்படிக் கடல் நம் அடுப்படி வரைக்கும் வந்துவிடுகிறது.

வருகிற மீன்களில் ஆபத்தானவையும் உண்டு. அவற்றுள் இரண்டைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ஒன்று திருக்கை. மலாய்க்காரர்கள் இதை 'இக்கான் பாரி' என்பார்கள். மற்றொன்று பேத்தை. மலாயில் 'இக்கான் புந்தால்' என்றால் உங்களுக்கு உடனே தெரியும். இரண்டும் உப்புநீரில் வாழும் மீன்கள். இரண்டிலும் நஞ்சு உண்டு. இரண்டையும் மனிதர்கள் சாப்பிடுகிறார்கள். ஆனால் ஒன்றை நாம் தாராளமாகச் சாப்பிடலாம். மற்றொன்றை நம் வீட்டுச் சட்டியில் ஏற்றவே கூடாது. இந்த வேறுபாடு ஏன் என்பதைத் தெரிந்துகொள்வதில் ஓர் உயிரே அடங்கியிருக்கலாம்.

முதலில் திருக்கையைப் பார்ப்போம். பாய் விரித்தாற்போன்ற தட்டையான உடல். சாட்டையைப் போல் நீண்ட வால். நம் முன்னோர்கள் அந்த வாலைக் காய வைத்துச் சாட்டையாகவே பயன்படுத்தினார்கள். சொல் கேளாத பிள்ளைகளைத் 'திருக்கை வாலால் அடிப்பேன்' என்று மிரட்டிய பெரியவர்களும் உண்டு. இதன் உடலில் எலும்பு கிடையாது. சுறாவைப் போல் குருத்தெலும்புதான். மலாக்காவின் பெயர் சொல்லும் 'அசாம் பெடாஸ்' குழம்புக்கு இந்த மீன் மிகவும் பொருந்தும். சம்பல் பூசி, வாழையிலையில் வைத்துச் சுட்டும் சாப்பிடுகிறார்கள். நம் வீடுகளில் புளி கரைத்துக் குழம்பு வைக்கிறோம். பூண்டு சேர்த்துப் பிள்ளை பெற்ற தாய்க்கும் கொடுக்கிறோம்.

இதன் ஆபத்து எங்கே இருக்கிறது? வாலின் மேற்புறத்தில் ஒரு முள் இருக்கிறது. சில மீன்களுக்கு ஒன்றுக்கு மேலும் இருக்கும். அதன் இரு ஓரங்களிலும் ரம்பப் பற்கள். அவை பின்னோக்கி வளைந்திருப்பதால் உள்ளே போகும்போது எளிதாகப் போகும். வெளியே வரும்போது சதையைக் கிழித்துக்கொண்டு வரும். முள்ளைச் சுற்றி மெல்லிய தோலுறை ஒன்றும், அதனடியில் நஞ்சு சுரக்கும் திசுவும் இருக்கின்றன. முள் குத்தும்போது உறை கிழிந்து நஞ்சு காயத்தில் கலக்கிறது. வலி பொறுக்க முடியாததாக இருக்கும்.

ஆனால் திருக்கை மனிதனைத் தேடி வந்து கொட்டுவதில்லை. கரையோரத்தில், முழங்கால் அளவுத் தண்ணீரில், மணலைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். தெரியாமல் நாம் அதன்மேல் மிதித்தால், தப்பித்துக்கொள்ள வாலைச் சுழற்றும். ஆகவே பெரும்பாலும் குத்துவது பாதத்திலும் கணுக்காலிலும்தான். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்று சொல்வோம். திருக்கையைப் பொறுத்தவரை ஆழமில்லாத இடத்திலும் காலைப் பார்த்துத்தான் விட வேண்டும். காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல், மணலில் தேய்த்தபடியே நடக்க வேண்டும். அந்த அதிர்வை உணர்ந்ததும் திருக்கை தானே விலகிப் போய்விடும். கடற்கரைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இந்த ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுங்கள்.

இந்த முள்ளால் உயிர் போவது மிக அரிது. என்றாலும் நடந்திருக்கிறது. 2006ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற விலங்கியல் நிகழ்ச்சியாளர் ஸ்டீவ் இர்வின் கடலுக்கடியில் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது, திருக்கையின் முள் அவருடைய மார்பில் பாய்ந்து இறந்தார். காலில் குத்துவது வேறு. நெஞ்சிலோ வயிற்றிலோ குத்துவது வேறு.

இன்னொன்றையும் இல்லத்தரசிகள் கவனிக்க வேண்டும். மீன் செத்துவிட்டது என்பதற்காக முள் செத்துவிடாது. செத்த திருக்கையின் முள்ளிலும் நஞ்சு இருக்கும். சந்தையில் பெரும்பாலும் வாலை வெட்டிவிட்டே விற்பார்கள். முழு மீனாக வீட்டுக்கு வந்தால், முதலில் வாலை முள்ளோடு வெட்டிக் காகிதத்தில் சுற்றிக் கட்டி, பிள்ளைகள் கைபடாத இடத்தில் போட்டுவிட வேண்டும். அதன் பிறகு அந்த மீனின் சதையில் அஞ்ச வேண்டிய நஞ்சு எதுவும் இல்லை.

திருக்கைக்கு மற்றொரு குணமும் உண்டு. கெட்டுப்போனால் அது தானே அறிவித்துவிடும். சுறாவும் திருக்கையும் தங்கள் உடலில் யூரியா என்ற பொருளை வைத்திருக்கின்றன. மீன் பழசாகும்போது அது அம்மோனியாவாக மாறி மூக்கைத் துளைக்கும் வாடை வீசும். புளியும் எலுமிச்சையும் அந்த வாடையை அடக்குகின்றன. நம் பாட்டிமார்களும் மலாய்க்காரப் பாட்டிமார்களும் திருக்கையையும் புளியையும் சேர்த்து வைத்தது வெறும் ருசிக்காக மட்டுமல்ல என்பதை இதிலிருந்து அறியலாம். ஆனால் வாடை மிகவும் கடுமையாக இருந்தால் புளியை நம்பாதீர்கள்; மீனை வாங்காதீர்கள்.

இப்போது பேத்தைக்கு வருவோம். உருண்டை உடல். தண்ணீரைவிட்டு எடுத்தால் காற்றைக் குடித்துப் பந்து போல் ஊதிக்கொள்ளும். பிள்ளைகளுக்கு இது வேடிக்கை. மற்ற மீன்களுக்கு இருப்பது போன்ற செதிள் இதற்குக் கிடையாது. தோல் வழவழப்பாகவோ, உப்புத்தாள் போல் சொரசொரப்பாகவோ இருக்கும். சிலவற்றில் சிறு முட்கள் உண்டு. வாயைத் திறந்து பார்த்தால், மேலே இரண்டும் கீழே இரண்டுமாக நான்கு தட்டைப் பற்கள் ஒட்டிக் கிளியின் அலகு போல் தெரியும். இந்த நான்கு பற்களை வைத்தே அறிஞர்கள் இக்குடும்பத்துக்குப் பெயரிட்டார்கள். அந்தப் பெயரிலிருந்துதான் இதன் நஞ்சுக்கும் 'டெட்ரோடோடாக்ஸின்' என்ற பெயர் வந்தது. பெயர் வைத்தவர் ஜப்பானிய அறிஞர் தஹாரா; ஆண்டு 1909.

இந்த நஞ்சு முள்ளில் இல்லை. மீனின் உடலுக்குள்ளே இருக்கிறது. ஈரலிலும் சினையிலும் மிகுதி. குடலிலும் தோலிலும் உண்டு. சில இனங்களில் சதையிலும் உண்டு. மீனுக்கு மீன், பருவத்துக்குப் பருவம் அளவு மாறும். முட்டையிடும் காலத்தை ஒட்டிக் கடுமை கூடும். ஆகவே 'போன மாதம் சாப்பிட்டோம், ஒன்றும் ஆகவில்லையே' என்ற சமாதானம் இங்கே செல்லாது. வளர்ந்த ஒருவரைக் கொல்ல ஏறத்தாழ இரண்டு மில்லிகிராம் போதும் என்று மதிப்பிடுகிறார்கள். கல்லுப்பில் ஒரு சிறு துணுக்கின் எடைதான் அது.

உடலுக்குள் போய் அது என்ன செய்கிறது? மூளையிலிருந்து கைகால்களுக்குச் செய்தி கொண்டுபோவது நரம்பு. அந்தச் செய்தி ஓட வேண்டுமானால், நரம்பின் சுவரில் உள்ள மிகச் சிறிய வாயில்கள் திறந்து சோடியம் அணுக்களை உள்ளே விட வேண்டும். பேத்தையின் நஞ்சு போத்தலுக்கு மூடி போட்டாற்போல் அந்த வாயில்களை அடைத்துவிடுகிறது. செய்தி நின்றுபோகிறது. முதலில் உதடும் நாக்கும் மரத்துப்போகும். சிலருக்குச் சில நிமிடங்களிலேயே தொடங்கும். சிலருக்குச் சில மணி நேரம் ஆகும். பிறகு முகம், விரல்கள் குறுகுறுக்கும். தலை சுற்றும், வாந்தி வரும். கைகால் தளரும், பேச்சு குழறும். கடைசியில் மூச்சு விடும் தசைகளும் நின்றுபோகும். இதில் கொடுமை என்னவென்றால், உடல் மரக்கட்டையாகக் கிடக்கும்போதும் பலருக்கு நினைவு தெளிவாகவே இருக்கும்.

இது புதிய செய்தியல்ல. 1774ஆம் ஆண்டு கப்பல் தலைவர் ஜேம்ஸ் குக், பசிபிக் கடலின் நியூ கலிடோனியா தீவில், இனம் தெரியாத ஒரு மீனின் ஈரலையும் சினையையும் இருவரோடு சேர்ந்து சிறிதளவு ருசி பார்த்தார். இரவில் கைகால் மரத்து, கையிலுள்ள பொருளின் பாரம்கூடத் தெரியாமல் போயிற்று. மூவரும் பிழைத்தார்கள். குடலைத் தின்ற பன்றி செத்துப்போனது.

இவ்விடத்தில், என் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்ட கேள்வியைச் சொல்ல வேண்டும். "சார், நல்லாக் கொதிக்க வெச்சா விஷம் செத்துடாதா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. பெரியவர்கள் பலரும் மனத்தில் வைத்திருக்கும் எண்ணமும் இதுதான்.

கொதிக்கும் தண்ணீரில் கிருமி சாகும். ஏனென்றால் கிருமிக்கு உயிர் இருக்கிறது. நஞ்சுக்கு உயிர் இல்லை. ஆகவே அது 'சாவது' கிடையாது. சூட்டில் அது சிதைகிறதா, சிதையாமல் நிற்கிறதா என்பதே கேள்வி. திருக்கையின் நஞ்சு புரதத்தால் ஆனது. முட்டையின் வெள்ளைக்கருவைக் கொதிநீரில் விட்டால் என்ன ஆகிறது? வெளுத்துக் கட்டியாகிவிடுகிறது, திரும்பவும் பழைய நிலைக்கு வராது. சூடு பட்டால் புரதம் இப்படித்தான் குலைந்துபோகும். திருக்கையின் நஞ்சும் சூட்டில் குலைந்து வலுவிழந்துவிடுகிறது.

பேத்தையின் நஞ்சு புரதம் அல்ல. அது மிகச் சிறிய, உறுதியான ஒரு மூலக்கூறு. அதன் அமைப்பை அறிஞர்கள் முழுமையாகக் கண்டறிந்தது 1964ஆம் ஆண்டில்தான். உப்புத் தண்ணீரை எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் உப்பு போய்விடுகிறதா? அதுபோல, நம் வீட்டு அடுப்பின் சூடு அந்த நஞ்சை ஒன்றும் செய்வதில்லை. பொரித்தாலும் போகாது. புளி ஊற்றினாலும் போகாது. பனிக்கட்டியில் உறைய வைத்தாலும், உப்புக்கண்டம் போட்டுக் காய வைத்தாலும் போகாது. அதற்கு வாடையும் இல்லை, ருசியும் இல்லை. திருக்கை மூக்குக்குச் சொல்லும். பேத்தை நாக்குக்குக்கூடச் சொல்லாது.

நேயர்களே, இந்தப் பேச்சில் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான். திருக்கையின் ஆபத்து தண்ணீரிலும் வெட்டும் பலகையிலும் இருக்கிறது. அடுப்பில் ஏறியதும் முடிந்துவிடுகிறது. பேத்தையின் ஆபத்து தண்ணீரில் தெரிவதில்லை. சாப்பாட்டுத் தட்டில்தான் தொடங்குகிறது. திருக்கையிடம் கற்ற துணிச்சலைப் பேத்தையிடம் காட்டினால் உயிர் போய்விடும்.

'ஜப்பான்காரர்கள் சாப்பிடுகிறார்களே?' என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். அங்கே இதை 'ஃபுகு' என்பார்கள். ஆனால் தனிப் பயிற்சி பெற்று, உரிமம் வாங்கிய சமையற்காரர்தான் அதை வெட்டலாம். எந்த இனம், எந்த உறுப்பு என்று பிரித்தறியும் பயிற்சி அது. அப்படியிருந்தும் 1975ஆம் ஆண்டில் புகழ்பெற்ற கபுக்கி நாடக நடிகர் எட்டாம் பாண்டோ மிட்சுகோரோ, கியோட்டோ நகரில் அந்த மீனின் ஈரலை விரும்பிக் கேட்டுச் சாப்பிட்டு இறந்துபோனார். 1983ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் அதன் ஈரலை உணவகங்களில் பரிமாறவே தடை. நம் நாட்டிலும் சரவாக்கின் பெத்தோங் வட்டாரத்தில் 'புந்தால் கூனிங்' என்ற மஞ்சள் பேத்தையைத் தலைமுறையாகச் சாப்பிட்டு வருகிறார்கள். அந்த மீனிலும் ஆராய்ச்சியாளர்கள் நஞ்சைக் கண்டிருக்கிறார்கள். அங்குள்ளவர்களின் கைப்பழக்கம் நமக்குக் கிடையாது. நம் முகத்துவாரத்தில் அகப்படுவது எந்த இனம் என்றும் நமக்குத் தெரியாது.

பக்கத்து மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2023 மார்ச் 25ஆம் நாள், ஜொகூர் குளுவாங் வட்டாரத்தில் எண்பது வயது கடந்த கணவனும் மனைவியும், கடையில் வாங்கிவந்த பேத்தை மீனைச் சமைத்துச் சாப்பிட்டார்கள். சிறிது நேரத்தில் மனைவிக்கு நடுக்கம், மூச்சுத் திணறல். பிறகு கணவருக்கும் அப்படியே. அன்று மாலையே அந்த அம்மையார் இறந்தார். ஒரு வாரம் நினைவிழந்து கிடந்து கணவரும் இறந்தார். அப்போது ஜொகூர் மாநில அதிகாரிகள் சொன்ன கணக்குப்படி, 1985ஆம் ஆண்டிலிருந்து நாட்டில் 58 பேத்தை நஞ்சுச் சம்பவங்கள் பதிவாகி, 18 பேர் இறந்திருந்தார்கள்.

பங்களாதேஷில் 2008ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் ஜூன் வரை 141 பேர் இம்மீனைச் சாப்பிட்டு நஞ்சுக்கு ஆளானார்கள். 17 பேர் மாண்டார்கள். தங்கள் வீட்டு அடுப்பில் வழக்கம்போல் குழம்பு வைத்துச் சாப்பிட்ட குடும்பங்கள் அவை.

நம்மைப் போன்ற உழைப்பாளிக் குடும்பங்கள் இதில் குறிப்பாகக் கவனமாக இருக்க வேண்டும். மாதக் கடைசியில் கை இறுக்கமாக இருக்கும்போது, குறைந்த விலையில் கிடைப்பதும், நண்பர் தூண்டிலில் பிடித்துச் சும்மா கொடுப்பதும் பெரிய உதவியாகத் தெரியும். வாங்குங்கள்; ஆனால் பெயர் தெரிந்து வாங்குங்கள். தலையும் தோலும் நீக்கிய மீனில் கிளியலகும் தெரியாது, செதிளில்லாத தோலும் தெரியாது. இன்ன மீன் என்று சொல்ல முடியாத துண்டுகளை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். தூண்டிலில் பேத்தை மாட்டினால் கடலிலேயே விட்டுவிடுங்கள். குடலையும் ஈரலையும் நாய்க்கும் கோழிக்கும் போடாதீர்கள். உடலுக்குத் தீங்கு செய்யும் உணவை விற்பது 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டப்படி குற்றம். பேத்தை விற்பதைக் கண்டால் சுகாதார இலாகாவிடம் தெரிவிப்பது நம் கடமை.

இனி, ஆபத்து நேர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று பார்ப்போம். இங்கேயும் இரண்டு மீன்களுக்கும் வழி வேறுவேறு.

திருக்கை குத்தினால், காயத்தை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பிறகு பொறுக்கக்கூடிய சூட்டில், ஏறத்தாழ 45 பாகை செல்சியஸ் வெந்நீரில், குத்துப்பட்ட காலை வையுங்கள். அரை மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைத்திருக்கலாம். கொதிநீர் கூடாது, தோல் வெந்துவிடும். குத்துப்பட்ட காலுக்குச் சூடு சரியாகத் தெரியாது. ஆகவே வேறொருவர் கையை விட்டுப் பார்த்துச் சூட்டைச் சரிசெய்ய வேண்டும். வலி குறைந்துவிட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம். இசிவு நோய்த் தடுப்பூசியும் தேவைப்படலாம். கிளினிக்குக்குப் போங்கள். கழுத்திலோ மார்பிலோ வயிற்றிலோ முள் பாய்ந்திருந்தால் அதைப் பிடுங்காமல் அப்படியே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். 'செம்பிலாங்' என்னும் கடல் கெளுத்தியின் முள் குத்தினாலும் இதே வெந்நீர் முறைதான்.

பேத்தைக்கு வெந்நீரும் இல்லை, கைவைத்தியமும் இல்லை, மாற்று மருந்தும் இல்லை. ஆனால் நம்பிக்கை உண்டு. உடல் தானாகவே அந்த நஞ்சைக் கழித்துவிடும். அதுவரை மருத்துவமனையில் இயந்திரத்தின் உதவியால் மூச்சு விடச் செய்தால் உயிர் பிழைத்துக்கொள்ளலாம். முதல் 24 மணி நேரத்தைத் தாண்டியவர்கள் பெரும்பாலும் பிழைத்துவிடுகிறார்கள். ஆகவே நேரம்தான் மருந்து. உதடு மரத்த அந்தக் கணமே 999 எண்ணை அழையுங்கள்; அல்லது கிடைத்த வண்டியில் ஏற்றுங்கள். மலாக்கா நகர், ஜாசின், அலோர் காஜா மூன்று ஊர்களிலும் அரசாங்க மருத்துவமனை உண்டு. புளித்தண்ணீர், உப்புத்தண்ணீர் என்று கொடுத்து நேரத்தைக் கடத்தாதீர்கள். 'புந்தால் சாப்பிட்டார்' என்று மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மீதி மீனையும் கையோடு எடுத்துப்போங்கள். அதே சட்டியிலிருந்து சாப்பிட்ட அனைவரும், ஒன்றும் செய்யவில்லை என்றாலும், கூடவே போக வேண்டும். வழியில் மூச்சு நின்றுவிட்டால், முறை தெரிந்தவர் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்துக்கொண்டே வர வேண்டும். அசையாமல் கிடக்கிறாரே, போய்விட்டார் என்று கைவிட்டுவிடாதீர்கள். அவர் காதில் நீங்கள் பேசுவது விழுந்துகொண்டிருக்கலாம், தைரியம் சொல்லுங்கள்.

மருத்துவர்களுக்கு இத்தகைய நேரத்தில் ஆலோசனை கூறப் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் ஒன்றும் இயங்கி வருகிறது.

அடுத்த முறை மீன்காரரின் கூடைக்கு முன்னால் நிற்கும்போது, பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திருக்கை எது, அதன் முள் எங்கே இருக்கும் என்று காட்டுங்கள். கிளியலகும் செதிளில்லாத உருண்டை உடலும் கொண்ட மீனைக் கண்டால் தொடாமல் வந்து சொல்லும்படி பழக்குங்கள். அது நம் வீட்டுக்கு வர வேண்டிய மீன் அல்ல.